பேப்பரில் போட்டுவிட்டால் ஏஜென்ட்டின் அதிகாரம் முடிந்துவிடுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வரி விளம்பரப் பகுதியில் அடிக்கடி ஒரு கட்டம் வருகிறது. பாஸ்போர்ட் அளவில் ஒரு படம். அதன் கீழே, 'இந்தப் படத்தில் உள்ளவர் எங்கள் நிறுவனத்தின் விற்பனை ஏஜென்ட்டாக இருந்து வந்தார். தற்போது அவருக்கும் எங்களுக்கும் எவ்விதச் சம்பந்தமும் இல்லை. அவருடன் வைத்துக்கொள்ளும் வரவு செலவுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது' என்று நாலு வரி. கொடுத்தவர் வேலை முடிந்தது என்று நினைக்கிறார். சில மாதம் கழித்து, பாக்கி கேட்டுப் போன புது ஆளிடம் கடைக்காரர் பழைய ஏஜென்ட் கொடுத்த ரசீதை நீட்டும்போது விவகாரம் தொடங்குகிறது. 'பேப்பரில் போட்டோமே' என்கிறது நிறுவனம். 'நான் அந்தப் பேப்பர் வாங்குவதில்லை' என்கிறார் கடைக்காரர். இந்தச் சண்டையில் சட்டம் பெரும்பாலும் கடைக்காரர் பக்கம்தான் நிற்கும்.

ஏஜென்சி பற்றிய சட்டம் 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பத்தாவது அத்தியாயத்தில், 182 முதல் 238 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. நம் விஷயத்துக்கு உயிர்நாடி 208-ஆவது பிரிவு. ஏஜென்ட்டின் அதிகாரம் எப்போது முடிகிறது? ஏஜென்ட்டைப் பொறுத்தவரை, நீக்கிய செய்தி அவருக்குத் தெரிந்த பிறகு. அவரோடு வியாபாரம் செய்யும் வெளியாரைப் பொறுத்தவரை, அந்த வெளியாருக்குத் தெரிந்த பிறகு. அதாவது ஒரே நீக்கத்துக்கு ஆளுக்கு ஆள் வேறு வேறு தேதி. நூறு கடைகளில் வசூல் செய்தவரை நீக்கினால், நூறு கடைக்கும் நூறு தேதிகள்கூட இருக்கலாம்.

இதை விளக்க அந்தப் பிரிவிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது; நம் ஊர்ப் பெயரோடு. சென்னையில் உள்ள ஒருவர், பம்பாய்க் கிடங்கில் கிடக்கும் தன் பஞ்சை விற்கும்படி ஏஜென்ட்டுக்குக் கடிதம் எழுதுகிறார். பிறகு மனம் மாறி, விற்க வேண்டாம், பஞ்சைச் சென்னைக்கே அனுப்பு என்று இரண்டாவது கடிதம் போடுகிறார். இரண்டாவது கடிதம் கைக்கு வந்த பிறகும் ஏஜென்ட் பஞ்சை விற்றுவிடுகிறார். வாங்கியவருக்கு முதல் கடிதம் தெரியும், இரண்டாவது தெரியாது. பணத்தைக் கொடுக்கிறார், ஏஜென்ட் அதோடு ஓடிவிடுகிறார். நட்டம் யாருக்கு? சென்னைக்காரருக்குத்தான். வாங்கியவர் கொடுத்த பணம் அவரிடமே கொடுத்த பணமாகக் கணக்காகும். கடிதத்துக்குப் பதில் வாட்ஸ்அப், பஞ்சுக்குப் பதில் பனியன் பண்டல் என்று வைத்துக்கொள்ளுங்கள், இன்றைக்கும் முடிவு அதுதான்.

பேப்பர் விளம்பரம் போதும் என்ற எண்ணம் பெரும்பாலும் கூட்டு வியாபாரச் சட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. 1932-ஆம் ஆண்டுப் பங்காண்மைச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு, பங்குதாரர் விலகும்போது 'பொது அறிவிப்பு' எப்படித் தர வேண்டும் என்று சொல்கிறது. பதிவான நிறுவனமாக இருந்தால் பதிவாளருக்கு அறிவிப்பு, அரசிதழில் ஒரு வெளியீடு, அந்த மாவட்டத்தில் விற்பனையாகும் தாய்மொழி நாளிதழ் ஒன்றிலாவது ஒரு வெளியீடு. அங்கே நாளிதழுக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது (அங்கேயும் நாளிதழ் மட்டும் போதாது என்பதைக் கவனிக்கவும்). ஏஜென்சி அத்தியாயத்தில் அப்படி ஓர் ஏற்பாடு கிடையாது. 'தெரிந்ததா, இல்லையா' என்பதுதான் ஒரே கேள்வி. விளம்பரம் வெளிவந்தது என்பதாலேயே குறிப்பிட்ட கடைக்காரர் அதைப் படித்தார் என்று ஆகாது. அவர் அந்த நாளிதழின் சந்தாதாரர் என்றோ, படித்துவிட்டு அடுத்த நாள் நிறுவனத்துக்குப் போன் செய்தார் என்றோ காட்ட முடிந்தால் அது சாட்சியமாகும். ஆகவே விளம்பரம் வீண் இல்லை, துணைச் சாட்சியம்.

என்ன செய்தால் நிற்கும்? கணக்குப் புத்தகத்திலிருந்து அந்த ஏஜென்ட் வழியாகப் போன எல்லாப் பார்ட்டிகளையும் எடுங்கள். இப்போது பாக்கி உள்ளவர்கள் மட்டுமல்ல, கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒரு பில் போட்டவர்கள் வரை. ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம், ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில். கடிதத்தில் நாலு விஷயம் கட்டாயம் வேண்டும். எந்தத் தேதி முதல் அவருக்கு ஆர்டர் எடுக்கவோ பணம் வாங்கவோ அதிகாரம் இல்லை. அவரிடம் கொடுத்திருந்த ரசீதுப் புத்தகங்களின் எண்கள் எவை, அவற்றில் எந்த எண்ணுக்கு மேல் செல்லாது. இனி பணம் எந்த வங்கிக் கணக்கில் கட்ட வேண்டும். இன்றைய தேதியில் எங்கள் புத்தகப்படி உங்கள் பாக்கி எவ்வளவு. நாலாவதுதான் கடிதத்தின் சாமர்த்தியம். 'உங்கள் பாக்கி ரூ.84,300, வேறுபாடு இருந்தால் 15 நாளில் தெரிவிக்கவும்' என்று கண்டதும், ஏஜென்ட்டிடம் ஏற்கெனவே பணம் கட்டியவர் பதறிப்போய்ப் பதில் போடுவார். யார் யாரிடம் எவ்வளவு போயிருக்கிறது என்பது அந்த வாரத்திலேயே வெளிச்சத்துக்கு வந்துவிடும். கூடவே, கடிதம் கிடைத்ததற்கான சாட்சியமும் கிடைத்துவிடும்.

ஏஜென்ட்டிடமிருந்து திரும்ப வாங்க வேண்டியவை என்று எல்லாரும் நினைப்பது அடையாள அட்டையை. அதைவிட ஆபத்தானவை ரசீதுப் புத்தகம், பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்ப், லெட்டர் பேடு, கையெழுத்துப் போட்டு வைத்த வெற்றுத் தாள். இப்போது இந்தப் பட்டியலில் இன்னும் சில சேர்ந்திருக்கின்றன: இ-வே பில் தளத்தின் கடவுச்சொல், ஜிஎஸ்டி தளத்தில் பதிவான அலைபேசி எண், நிறுவனத்தின் பெயரில் அவர் நடத்தும் வாட்ஸ்அப் குழு, கடைகளில் அவர் ஒட்டிவிட்டு வந்த க்யூஆர் கோடு. கடைசியாகச் சொன்னதை யாரும் கவனிப்பதே இல்லை. பில்லிங் மேசைக் கண்ணாடிக்கு அடியில் பழைய க்யூஆர் அட்டை கிடந்தால் பணம் அங்கேதான் போகும்.

இங்கே 237-ஆவது பிரிவைச் சொல்லியாக வேண்டும். ஏஜென்ட்டுக்கு உண்மையில் அதிகாரம் இல்லாவிட்டாலும், அவருக்கு அதிகாரம் உண்டு என்று வெளியாரை நம்பவைத்தது நிறுவனத்தின் பேச்சோ நடத்தையோ என்றால், நிறுவனம் கட்டுப்பட்டாக வேண்டும். 'இந்த விலைக்குக் கீழே விற்காதே' என்று ஏஜென்ட்டின் காதில் சொல்லிவைத்தது, அது தெரியாமல் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது. சட்டத்தின் உதாரணமே இது. அதிகாரம் என்பது நிறுவனம் ஏஜென்ட்டிடம் தனியாகச் சொன்னது மட்டுமல்ல, வெளியாருக்குக் காட்டியதும்தான். கடைக்காரர் ஏஜென்ட்டின் சொந்த யுபிஐ எண்ணுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறார், நிறுவனம் மறுப்புச் சொல்லாமல் அதைத் தன் புத்தகத்தில் வரவு வைத்துக்கொண்டே வருகிறது என்றால், ஏழாவது மாதம் ஏஜென்ட் சுருட்டிய பணத்துக்கு மட்டும் 'அது எங்கள் கணக்கு இல்லை' என்று சொல்வது எடுபடாது. முதல் தடவையே, 'இந்த ஒரு முறை வரவு வைக்கிறோம், இனி நிறுவனக் கணக்கில் மட்டும்' என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

இந்த எல்லைக்கோட்டை விளங்கிக்கொள்ள, எல்ஐசி சம்பந்தப்பட்ட இரண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது நல்லது. முதலாவது ஹர்ஷத் ஷா வழக்கு, 1997. பாலிசிதாரர் 1987 ஜூன் மாதம் அரையாண்டு பிரீமியத்துக்கு ரூ.2,730-க்கு ஏஜென்ட்டிடம் பேரர் செக் கொடுத்தார். செக் பணமானது, எல்ஐசிக்குப் போகவில்லை. ஆகஸ்ட் 9-ஆம் தேதி பாலிசிதாரர் விபத்தில் இறந்தார். மறுநாள்தான் பணம் எல்ஐசியில் கட்டப்பட்டது. ஏஜென்ட்டுகள் பிரீமியம் வசூலிக்கக் கூடாது என்று விதி இருந்தது. அவர்களுக்கு வசூல் அதிகாரம் உண்டு என்று எல்ஐசி யாரையும் நம்பவைத்ததாகவும் காட்டப்படவில்லை. ஆகவே ஏஜென்ட்டிடம் கொடுத்தது எல்ஐசியிடம் கொடுத்தது ஆகாது என்று தீர்ப்பு. இரண்டாவது 1999-இல் வந்தது, டெல்லி மின்சார விநியோக நிறுவனத்தின் ஊழியர் ஒருவருடைய மனைவி தொடர்ந்தது. சம்பளத்தில் பிடித்து பிரீமியம் கட்டும் திட்டம், நிறுவனம் பணத்தை நேரத்துக்கு அனுப்பவில்லை, ஊழியர் இறந்துவிட்டார். நிறுவனம் தன் ஏஜென்ட் அல்ல என்பது எல்ஐசியின் வாதம். ஆனால் சம்பளத்தில் பிடித்துக் கட்டும் ஏற்பாட்டை வகுத்ததே எல்ஐசி. ஊழியரைப் பொறுத்தவரை பணம் போய்ச் சேரும் வழி அது ஒன்றுதான். இங்கே எல்ஐசி பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. இரண்டிலும் நடுவில் நின்றவர் பணத்தை நேரத்துக்குச் சேர்க்கவில்லை. வசூல் வழியைத் திறந்துவைத்தது யார் என்பதில்தான் வித்தியாசம்.

ஏஜென்ட் தன் கையாளை வசூலுக்கு அனுப்புவதும் சாதாரணமாக நடக்கிறது. நிறுவனத்தின் சம்மதமோ தொழில் வழக்கமோ இல்லாமல் வைத்துக்கொண்ட துணை ஏஜென்ட்டுக்கு நிறுவனம் பொறுப்பில்லை என்று 193-ஆவது பிரிவு சொல்கிறது. நியமனக் கடிதத்தில், 'வசூலுக்கு வேறு ஆளை அனுப்பக் கூடாது' என்ற வரி அதனால்தான் அவசியம். ஆனால் அந்தப் பையன் கொண்டுவந்த பணத்தை ஆபீஸில் எண்ணி வாங்கிப் போட்டுக்கொண்டே இருந்தால் மறுபடியும் 237 வந்து நிற்கும்.

பாதியை ஏற்று மீதியை மறுப்பது நம் நிறுவனங்களுக்குப் பிடித்த இன்னொரு தவறு. ஏஜென்ட் இரண்டு லட்ச ரூபாய் ஆர்டரைத் தனக்கு அதிகாரம் இல்லாமலே 8 சதவீதத் தள்ளுபடியில் பேசி முடிக்கிறார். விஷயம் தெரிந்தே நிறுவனம் சரக்கை அனுப்புகிறது. பிறகு முழுத் தொகை கேட்கிறது. முடியாது. ஒரு நடவடிக்கையின் ஒரு பகுதியை ஏற்றால் முழுவதையும் ஏற்றதாகும் என்பது 199-ஆவது பிரிவு. ரூ.1,84,000-தான் கிடைக்கும். தள்ளுபடி விவரம் தெரியாமல் அனுப்பியிருந்தால் நிலைமை வேறு; உண்மைகள் முழுவதும் தெரியாத ஏற்பு செல்லாது (பிரிவு 198). ஆர்டர் படிவத்தில் விலையும் தள்ளுபடியும் இல்லாவிட்டால் லோடு ஏற்ற வேண்டாம் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஏஜென்ட்டின் பக்கமும் பேச வேண்டும். அவர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள். இவ்வளவு காலத்துக்கு என்று ஒப்பந்தம் இருந்து, தகுந்த காரணமில்லாமல் நடுவில் நீக்கினால் 205-ஆவது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம். முறையான முன்னறிவிப்பு தர வேண்டும் என்பது 206. எத்தனை நாள் என்று சட்டம் சொல்லவில்லை, தொழிலைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் '60 நாள்' என்று எழுதிவிட்டால் வாதாட ஒன்றுமில்லை. வசூலித்த பணத்திலிருந்து தான் கொடுத்த முன்பணம், செய்த செலவு, தன் கமிஷன் ஆகியவற்றைப் பிடித்துக்கொள்ள 217-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. பாக்கியைக் கட்டியாக வேண்டும் என்கிறது 218. கமிஷன் தீரும்வரை கையில் உள்ள சரக்கைப் பிடித்துவைக்கவும் 221 இடம் தருகிறது, ஒப்பந்தம் வேறு விதமாகச் சொல்லாதவரை. ஆனால் எந்த வேலையில் முறைகேடு செய்தாரோ அந்த வேலைக்குக் கமிஷன் கிடையாது (220).

சரக்கைப் பிடித்துவைக்கும் உரிமையை இடத்தைப் பிடித்துவைக்கும் உரிமையாகச் சிலர் நீட்டிக்கொள்கிறார்கள். மதுரை சதர்ன் ரோட்வேஸ் நிறுவனம் வாடகைக்கு எடுத்த கிடங்கைக் கமிஷன் ஏஜென்ட் ஒருவர் நடத்தி வந்தார். ஏஜென்சியை ரத்து செய்த பிறகும் இடத்தை விடவில்லை. 1989-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஏஜென்ட்டின் அனுபோகம் சட்டப்படி அவரை நியமித்தவரின் அனுபோகம், ஏஜென்சி போனால் அந்த இடத்தில் இருக்க அவருக்கு உரிமை இல்லை. கிடங்கு, ஷோரூம், புக்கிங் ஆபீஸ் எதுவானாலும் வாடகை ஒப்பந்தமும் மின் இணைப்பும் நிறுவனத்தின் பெயரிலேயே இருக்கட்டும்.

நிறுவனம் சரக்கு விஷயத்தில் சோம்பேறித்தனம் காட்டினால் இன்னொரு அடி விழும். வியாபார ஏஜென்ட்டிடம் சொந்தக்காரரின் சம்மதத்தோடு இருக்கும் சரக்கை, வழக்கமான வியாபார முறையில், நல்லெண்ணத்தோடு, அதிகாரம் இல்லை என்பது தெரியாமல் வாங்கியவருக்கு அது சொந்தமாகிவிடும் என்று 1930-ஆம் ஆண்டுச் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-ஆவது பிரிவு சொல்கிறது. அதனால் வரிசை முக்கியம். முதலில் கிடங்கில் ஸ்டாக் எடுத்து இருவரும் கையெழுத்துப் போடுவது, பிறகு சரக்கை மாற்றுவது, அன்றே நீக்கக் கடிதத்தைக் கையில் கொடுப்பது, அன்றே பார்ட்டிகளுக்குக் கடிதங்களை அஞ்சலில் சேர்ப்பது. கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டு ஒரு வாரம் கழித்துக் கிடங்குக்குப் போனால் வெறும் அட்டைப்பெட்டிகளைத்தான் எண்ண வேண்டியிருக்கும். பிறகு போலீஸுக்குப் போகலாம். ஏஜென்ட் செய்யும் நம்பிக்கை மோசடிக்குப் பாரதிய நியாய சன்ஹிதா 316(5)-இல் கடுமையான தண்டனை உண்டு. ஆனால் அந்தப் புகார், நம்பிப் பணம் கட்டிய கடைக்காரரை மறுபடி கட்டவைக்காது.

ஏஜென்ட்டுகள் தாங்களே போய் மாட்டிக்கொள்ளும் இடம் கையெழுத்து. யாருக்காக வாங்குகிறோம் என்று சொல்லாமல் ஆர்டர் போட்டால், ஒப்பந்தம் தன்னையே கட்டும் என்று 230-ஆவது பிரிவு ஊகிக்கிறது. செக்கிலோ பிராமிசரி நோட்டிலோ 'இன்னாருக்காக' என்று குறிப்பிடாமல் தன் பெயரை மட்டும் போட்டால், செலாவணி முறிச் சட்டத்தின் 28-ஆவது பிரிவின்படி தானே கடனாளி.

இவ்வளவும் அவர் உண்மையிலேயே ஏஜென்ட்டாக இருந்தால்தான். ஊருக்கு ஊர் 'ஏஜென்சீஸ்' என்று பலகை தொங்குகிறது; உள்ளே பார்த்தால் முக்கால்வாசிப் பேர் சரக்கைத் தன் காசுக்கு வாங்கி, தன் பில்லில் விற்று, லாபமோ நட்டமோ தானே சுமப்பவர்கள். அவர்கள் விநியோகஸ்தர்கள். ஒப்பந்தத்தின் தலைப்பு என்னவாக இருந்தாலும், சரக்கு யாருடையது, விற்காமல் கெட்டுப்போனால் யார் தலையில் விழும் என்பதை வைத்தே நீதிமன்றங்கள் முடிவு செய்கின்றன. செல்போன் ப்ரீபெய்ட் விநியோகஸ்தர்கள் விஷயத்தில் 2024 பிப்ரவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் இந்த அடிப்படையில்தான், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் அவர்களுக்குக் கிடைக்கும் வித்தியாசம் ஏஜென்ட் கமிஷன் அல்ல, அதில் நிறுவனம் வரி பிடிக்க வேண்டியதில்லை என்று தீர்த்தது. ஜிஎஸ்டியிலோ கேள்வி இன்னும் சுருக்கம்: கடைசி வாடிக்கையாளருக்கு யார் பெயரில் பில்? ஏஜென்ட் தன் பெயரில் பில் போட்டால், நிறுவனம் அவருக்குச் சரக்கு அனுப்புவதே வரிக்குரிய வழங்கல் என்று 2018 செப்டம்பர் 4-ஆம் தேதிச் சுற்றறிக்கை விளக்குகிறது. நிறுவனத்தின் பெயரில் பில் போட்டால் அப்படி இல்லை.

பவர் பத்திர ரத்து விளம்பரங்களுக்கும் முதலில் சொன்னது அப்படியே பொருந்தும். பத்திரம் பதிவான சார்பதிவாளர் அலுவலகத்திலேயே ரத்துப் பத்திரத்தைப் பதிவு செய்து, பவர் ஏஜென்ட்டுக்கு நகலோடு அறிவிப்பு அனுப்பி, அசல் பத்திரத்தைத் திரும்பக் கேளுங்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவர் பொதுவாக முடிந்துவிடும். 'ரத்து செய்ய முடியாதது' என்று தலைப்பில் அச்சடித்தால் மட்டும் அது அப்படி ஆகாது. 202-ஆவது பிரிவு கேட்பது ஏஜென்ட்டுக்கு அந்தச் சொத்திலேயே உரிய நலன் இருக்கிறதா என்பதை. 2025 பிப்ரவரியில் பெங்களூரு நில வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் இதை மறுபடியும் சொன்னது. பவர் மட்டும் எழுதி வாங்கி நிலம் வாங்கியதாக நினைப்பவர்களுக்கு 2011-ஆம் ஆண்டு சூரஜ் லாம்ப் தீர்ப்பே போதும்: அது கிரயம் ஆகாது.

கமிஷன் மண்டிகளைப் பற்றி ஒன்று. சரக்கு அனுப்பிய விவசாயியோ வியாபாரியோ கணக்குக் கேட்டால் மண்டிக்காரர் காட்டியாக வேண்டும் (213). சிட்டையில் எடை, விலை, கமிஷன், கூலி என்று எல்லாம் இருக்கும், வாங்கியவர் பெயர் இருக்காது. அதைக் கேளுங்கள். மஞ்சளை மண்டிக்காரரே தன் உறவினர் பெயரில் குவிண்டால் 12,000 ரூபாய்க்கு எடுத்து, அதே வாரம் 13,500-க்கு விற்றிருந்தால், அந்த 1,500 ரூபாய் சரக்குக்காரருக்குச் சேர வேண்டியது (216). சரக்குக்காரரிடம் முன்கூட்டிச் சொல்லிச் சம்மதம் பெற்றிருந்தால் மட்டுமே அவர் வாங்கியது தவறில்லை.

கணக்குக் கேட்பதற்கும் காலவரையறை உண்டு. 1963-ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டப்படி, ஏஜென்சி நடக்கும்போதே கணக்குக் கேட்டு மறுக்கப்பட்டால் அந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. கேட்கவே இல்லையென்றால் ஏஜென்சி முடிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு. அலட்சியத்துக்கோ முறைகேட்டுக்கோ என்றால் அது தெரியவந்த நாளிலிருந்து. வாய்மொழியாகக் கேட்டு, 'பார்க்கலாம் அண்ணாச்சி' என்ற பதிலோடு திரும்பியவருக்கு எந்தத் தேதியையும் நிரூபிக்க முடியாது. எழுத்தில் கேளுங்கள், மறுத்த பதிலை உறையோடு வைத்துக்கொள்ளுங்கள், உறைமேல் உள்ள அஞ்சல் முத்திரை உட்பட.

இப்படிக்கு,
வணிக வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர்,
ஈரோடு.